பழைய டெஸ்க்டாப் கார்டா, புதிய லேப்டாப் கார்டா: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

என்விடியாவின் டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டான ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 2017 மார்ச்சில் வெளிவந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 2023 தொடக்கத்தில் வந்தது. பெயரில் உள்ள எண்ணைப் பார்த்தால் புதியதுதான் பெரியது. விவரப் பட்டியலைப் பிரித்தால் கதை தலைகீழ். பழையதில் 3584 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 11 ஜிபி மெமரி, 352 பிட் அகல மெமரிப் பாதை, நொடிக்கு 484 ஜிபி வேகம், 250 வாட். புதியதில் 3072 கோர்கள், 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 256 ஜிபி. மின்சாரமோ லேப்டாப்பைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. டெஸ்க்டாப் என்னுடையது. வீடுகளின் உள்ளறைகளைக் கட்டுவதற்கு முன்பே முப்பரிமாணப் படமாக பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்து கொடுப்பது என் தொழில். லேப்டாப் தம்பியுடையது, அவன் கேம் ஆடுகிறான், அவ்வப்போது வீடியோ வெட்டுகிறான். "எது வேகம்?" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எந்த வேலையில்? எத்தனை வாட்டில்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் செய்யும் எந்த ஒப்பீடும் வெறும் வாய்ச்சண்டைதான்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். ஒரு காலத்தில் லேப்டாப் கார்டுகளின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருந்தது. 980 டெஸ்க்டாப்பில் 2048 கோர்கள், 980எம்மில் 1536. எழுத்தைப் பார்த்தாலே வேறு சரக்கு என்று தெரிந்துவிடும். 2016இல் 1080 அடங்கிய பாஸ்கல் தலைமுறை வந்தபோது அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது அதில் நியாயம் இருந்தது. ஜிடிஎக்ஸ் 1080 டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஒரே 2560 கோர்கள்தான். பிறகு இடைவெளி மீண்டும் விழுந்தது, எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. ஆர்டிஎக்ஸ் 3080 டெஸ்க்டாப்பில் 8704 கோர்கள், அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 6144. ஆர்டிஎக்ஸ் 4090இல் இது இன்னும் மோசம்: டெஸ்க்டாப்பில் 16384 கோர்களும் 24 ஜிபியும், லேப்டாப்பில் 9728 கோர்களும் 16 ஜிபியும். சிப்பே வேறு. ஆகவே மதிப்பெண்ணோ சோதனை வீடியோவோ தேடும்போது 'லேப்டாப்' என்ற சொல்லைச் சேர்த்தே தேடுங்கள். கிடைத்த பிறகும் அது லேப்டாப் கார்டின் முடிவுதானா என்று ஒருமுறை பாருங்கள். டெஸ்க்டாப் 4070இன் எண்களைக் காட்டி லேப்டாப் 4070ஐப் புகழும் பக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்தது வாட். என்னைக் கேட்டால் பாதி ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது. டெஸ்க்டாப் கார்டு எந்தப் பெட்டிக்குள் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் எடுக்கும். லேப்டாப் கார்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்பவர் முடிவு செய்கிறார். மெல்லிய உடம்பு, சிறிய விசிறி என்றால் 60 வாட்; தடித்த உடம்பு என்றால் 115 வாட். இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றே. முன்பு குறைந்த வாட் கார்டுகளுக்கு 'மேக்ஸ்-க்யூ' என்ற அடையாளமாவது இருந்தது. 2021இல் 30 வரிசை (3070, 3080 போன்றவை) லேப்டாப்புகளோடு அதுவும் பெயரிலிருந்து போய்விட்டது.

வாட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, உதவி மெனுவில் உள்ள சிஸ்டம் விவரங்களுக்குப் போங்கள். கார்டுக்குக் கிடைக்கும் உச்ச மின்சாரம் அங்கே ஒரு வரியில் இருக்கும். அந்த எண் டைனமிக் பூஸ்டையும் சேர்த்தது என்பதை மறக்க வேண்டாம். பிராசஸர் சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. 115 வாட் கார்டில் 140 என்று காட்டினால் அதில் 25 வாட் இரவல். இன்னொரு நுணுக்கம்: 4060 லேப்டாப் கார்டு 140 என்று காட்டினாலும் கேமில் பெரும்பாலும் நூறு வாட்டைச் சுற்றியே நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு முன்பே மின்னழுத்த வரம்பு தடுத்துவிடுகிறது. எனவே 140 வாட் 4060க்காக 105 வாட் 4060ஐ ஒதுக்குவதில் பொருளில்லை. 60 வாட் 4060ஐ ஒதுக்குவதில் நிறையப் பொருள் இருக்கிறது.

காகிதத்தில் உள்ள வாட் ஒன்று, ஓடும்போது கிடைக்கும் வாட் இன்னொன்று. வாட்டையும் வெப்பத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட்டைத் திறந்து வைத்துவிட்டு, கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். தம்பியின் லேப்டாப்பில் நான் பார்த்தது இது: தொடக்கத்தில் கார்டு 100 வாட்டைத் தொட்டு நின்றது, கடிகார வேகம் 2300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். சிறிது நேரத்தில் பிராசஸர் 95 டிகிரிக்கு ஏறியது. இரண்டுக்கும் வெப்பக் குழாய்கள் பொது என்பதால் கார்டின் வாட் படிப்படியாக இறங்கி 85 பக்கம் வந்து நிலைத்தது. லேப்டாப்பின் பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்ததும் ஐந்தாறு வாட் திரும்பி வந்தது. நீங்கள் எழுதி வைக்க வேண்டிய எண் இப்படி நிலைத்து நிற்பதுதான். முதல் ஐந்து நிமிட எண்ணை விளம்பரத்துக்கு விட்டுவிடுங்கள். சார்ஜரைச் செருகி, செயல்திறன் முறையில் வைத்துச் சோதியுங்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப் கார்டு தன் நிழலாகத்தான் இருக்கும். லேப்டாப்போடு வந்த பெரிய சார்ஜருக்குப் பதிலாக 100 வாட் டைப்-சி சார்ஜரைப் போட்டாலும் முழு வேகம் வராது.

டெஸ்க்டாப் பக்கமும் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். எட்டு வயதுக் கார்டின் விசிறியில் தூசி அடைந்து, வெப்பப் பசை காய்ந்து போயிருந்தால் நீங்கள் ஒப்பிடுவது கார்டை அல்ல, பராமரிப்பை. சுத்தம் செய்து, பசையை மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

கோர் எண்ணிக்கையைத் தலைமுறை தாண்டி ஒப்பிடுவதை அடியோடு நிறுத்திவிடலாம். 2018இல் வந்த 2080 டிஐயில் 4352 கோர்கள், 2020இல் வந்த 3070இல் 5888. எண்ணைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்; கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். 3070 அடங்கிய ஆம்பியர் தலைமுறையில் என்விடியா கோர்களை எண்ணும் கணக்கே மாறியதுதான் காரணம். முன்பு முழு எண் கணக்குக்கு மட்டும் இருந்த பகுதி தசமக் கணக்கையும் செய்யத் தொடங்கியதும் அதையும் கோர் என்று சேர்த்துவிட்டார்கள். மெமரி வேகத்தையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். 484க்கு எதிரே 256 என்பது பரிதாபமாகத் தெரியும். ஆனால் 4060 அடங்கிய 40 வரிசைச் சிப்புகளுக்குள் பாஸ்கலைவிடப் பல மடங்கு பெரிய எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி) இருப்பதால் வெளி மெமரிக்குப் போகும் தேவையே குறைகிறது.

மெமரியின் கொள்ளளவு விஷயத்தில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. 8 ஜிபி என்றால் 8 ஜிபிதான். என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு சாதாரணப் பரப்புப் படம், சுருக்கப்படாமல் மெமரியில் ஏறினால் 64 எம்பி. சோபாத் துணிக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று. தரைக்கு மூன்று, திரைச்சீலைக்கு மூன்று, மரச்சாமான்களுக்கு ஆளுக்கு மூன்று. நூறு படங்கள் சேர்ந்தால் 6.4 ஜிபி ஆகிவிடும். பொருள்களின் வடிவங்களே இன்னும் உள்ளே வரவில்லை. இப்படி ஒரு பெரிய கூடத்தைத் தம்பியின் லேப்டாப்பில் திறந்தால் மிச்சம் கணினியின் பொது மெமரிக்கு வழிந்து வேகம் படுத்துவிடுகிறது. 1080 டிஐ அதே கூடத்தை முணுமுணுக்காமல் முடிக்கிறது. சின்ன அறை என்றால் நிலைமை நேரெதிர். ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்குக்கென்றே லேப்டாப் கார்டில் தனி வன்பொருள் இருப்பதால், என் கார்டு ஒரு படம் முடிக்கும் நேரத்தில் லேப்டாப் மூன்று முடித்துவிடும். ஒரே வேலை, ஒரே மென்பொருள். அறையின் அளவு மாறினால் வெற்றியாளரும் மாறுகிறார்.

உங்கள் வேலை வழிகிறதா என்று அறிய டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் கார்டை, தேர்ந்தெடுங்கள். கார்டுக்கே உரிய மெமரி, பகிர்ந்த மெமரி என்று இரண்டு கோடுகள் இருக்கும். முதலாவது உச்சத்தில் முட்டி நிற்க, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் கொள்ளளவு போதவில்லை. கேமில் இது திடீர்த் திக்கலாகவும், பக்கத்தில் போனாலும் தெளியாத சுவர்களாகவும் தெரியும்.

இனி, பழையதில் அறவே இல்லாதவை. நீங்கள் ஒப்பிடுவது ஜிடிஎக்ஸ் கார்டு என்றால் இந்தப் பத்தி முக்கியம். 2080 டிஐ அல்லது 3070 என்றால் இதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. 1080 டிஐயில் ரே டிரேசிங் கோர் இல்லை, ஏஐ கணக்குக்கான டென்சர் கோர் இல்லை, அதனால் சிறிதாக வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் இல்லை, நுணுக்கமான வடிவங்களை வேகமாக வரைய உதவும் மெஷ் ஷேடரும் இல்லை. டிஎல்எஸ்எஸ் போலவே படத்தைப் பெரிதாக்கும், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரில் பழைய பதிப்புகள் இதிலும் ஓடுவதால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அங்கே வேகப் பேச்சுக்கே இடமில்லை. பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். கார்டில் கேம் அல்லாத கணக்குகளை ஓட்ட என்விடியா தரும் குடா மென்பொருளின் 13ஆம் பதிப்பிலும் பாஸ்கல் இல்லை. ஏஐ மாடல்களை வீட்டில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீடியோ வெட்டுபவர்களுக்கு ஒரு வரி: 40 வரிசை ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் வன்பொருளிலேயே பதிவு செய்யும், பழையது செய்யாது.

மதிப்பெண் பார்க்க 3டிமார்க் என்ற சோதனை மென்பொருள் போதும். அதிலுள்ள டைம் ஸ்பை சோதனையில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு கிராபிக்ஸ் மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். மொத்தத்தில் பிராசஸரும் கலந்திருக்கும். 1080 டிஐயும் முழு வாட் 4060 லேப்டாப்பும் அதில் பத்தாயிரத்தை ஒட்டியே நிற்கும். டைம் ஸ்பை 2016இல் வந்தது, ரே டிரேசிங் அதில் கிடையாது, எனவே பழைய கார்டுக்கு வசதியான மைதானம். அதிலுள்ள இன்னொரு சோதனையான போர்ட் ராயல் ரே டிரேசிங்குக்கானது, அது புதியதன் மைதானம். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 3டிமார்க்கிலேயே உள்ள அழுத்தச் சோதனை காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 சதவீதம் நிலையாக இருந்தால் தேர்ச்சி என்கிறது. லேப்டாப்புக்கு அதைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

பிறகு உங்கள் சொந்த கேம். இரண்டு கணினிகளையும் ஒரே வெளித்திரையில், ஒரே தெளிவுத்திறனில், ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்துவிட்டு முதல் சுற்று; விரும்பினால் போட்டு இரண்டாம் சுற்று. ஃபிரேம் ஜெனரேஷன் இடையில் செருகும் படங்கள் எண்ணிக்கையை உயர்த்தும், விசையை அழுத்தியதும் கிடைக்கும் பதிலை வேகப்படுத்தாது. லேப்டாப்பின் சொந்தத் திரையில்தான் ஆடுவீர்கள் என்றால் மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லேப்டாப்பில் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போவதால் கொஞ்சம் வேகம் வழியிலேயே கரையும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற சராசரியோடு, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் திக்கல் அங்கேதான் இருக்கிறது. சோதனையின்போது கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு வெகு கீழே கிடந்தால் தடுப்பது பிராசஸர். 2017இன் நாலு கோர் பிராசஸரோடு 1080 டிஐ ஓடும் கணினிகளில் இது சாதாரணம். அப்போது தெளிவுத்திறனை ஏற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்களுக்கு என் தோராயக் கணக்கு: ரே டிரேசிங் இல்லாத கேமில் 1080 டிஐயும் 100 வாட் 4060 லேப்டாப்பும் சமம். 60 வாட் என்றால் பழையது முந்தும். டெஸ்க்டாப் 3070 அதே லேப்டாப்பைத் தாண்டிவிடும். டெஸ்க்டாப் 3080, லேப்டாப் 4070ஐவிடத் தெளிவாக முன்னால் நிற்கும். அந்த 4070இலும் 8 ஜிபிதான் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

லேப்டாப் இன்னும் கையில் வரவில்லை என்றால் விற்பவரிடம் அந்தச் சிஸ்டம் விவரப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உச்ச மின்சாரம், மெமரி என்ற இரண்டு வரிகளும் படத்தில் தெரிய வேண்டும். ஸ்டிக்கரின் படம் வந்தால் மறுபடி கேளுங்கள்.