பெடல் இல்லாத ஸ்டீல் கிடாரும் வெஸ்டர்ன் ஸ்விங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களில் டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் நடன அரங்குகளில் நாட்டுப்புற வயலினும் ஜாஸும் கலந்து உருவானது வெஸ்டர்ன் ஸ்விங். 1935 ஜனவரியில் மில்டன் பிரவுன் குழுவின் ஒலிப்பதிவில் பாப் டன், மடியில் கிடத்தித் தந்திகள் மேல் உலோகப் பாரை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிடாரை மின்னொலி பெருக்கி வாசித்தபோது, அது டிராம்போன் என்ற ஊதுகருவியைப் போலத் துண்டு துண்டாகச் சொற்றொடர் பேசியது. பாப் வில்ஸ் குழுவில் லியான் மெக்காலிஃப் அதே கருவியைப் பெரும் புகழுக்குக் கொண்டு சென்றார். ஊதுகருவி செய்யும் வேலையை மடியில் கிடத்திய கிடார் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த இசையில் ஸ்டீல் கிடாருக்கு வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு. எனவே எந்தச் சுருதி அமைப்பில் (எந்தத் தந்தியை எந்தச் சுரத்துக்குக் கூட்டுவது என்ற ஏற்பாட்டில்) வாசிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கருவியைத் தேட வேண்டும். பெரும்பாலோர் கண்ணில் பட்ட கிடாரை வாங்கிவிட்டுப் பிறகு சுருதியைப் பற்றி யோசிக்கிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் பல இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

மடியில் வைத்து உலோகப் பாரால் வாசிக்கும் எந்தக் கிடாரும் போதும் என்று நினைப்பது முதல் தவறு. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குரிய, உலோகக் கூம்பால் ஒலி பெருக்கும் டோப்ரோ கிடார் ஜி, பி, டி, ஜி, பி, டி என்று ஒரே மேஜர் கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டில்) சுருதி கூட்டப்படுகிறது. நம் நாட்டில் ஹவாயன் கிடார் என்ற பெயரில் கிடைக்கும் பல கருவிகளும் இப்படிப்பட்ட திறந்த மேஜர் கார்டு அமைப்பிலேயே பழக்கப்படுகின்றன. மெல்லிசைப் பாடல்களுக்கு அது மிக அழகாகப் பொருந்தும். ஆனால் ஸ்விங்கின் அடித்தளம் கூடுதல் சுரங்கள் சேர்ந்து 6, 9, 13 என்று எண்ணிட்டு வழங்கும் ஜாஸ் கார்டுகள். பாரை நேராக வைத்தால் மேஜர் கார்டு மட்டுமே கிடைக்கும் கருவியில் அவற்றைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாறாக சி6 அமைப்பை எடுத்துக்கொள்வோம். சி, ஈ, ஜி, ஏ என்ற அதே நான்கு சுரங்கள் சி6 கார்டாகவும் ஏ மைனர் 7 கார்டாகவும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. பாரை 5ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் அரைச்சுரத்துக்கு ஒன்றாக உள்ள கோடு) நகர்த்தினால் எஃப்6, டி மைனர் 7 இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு கார்டுகள் என்ற இந்த வசதிதான், வேகமாகக் கார்டு மாறும் ஸ்விங் மெட்டுகளில் வாசிப்பவரின் கையைக் காப்பாற்றுகிறது.

சி6, ஏ6 இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று எண்ணி, ஒன்றைப் பாதி கற்றபின் மற்றதற்குத் தாவுவது அடுத்த தவறு. எட்டுத் தந்திகளில் உயர்ந்த சுருதியிலிருந்து தாழ்ந்ததை நோக்கி ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ என்று கூட்டினால் அது சி6. ஈ, சி ஷார்ப், ஏ, எஃப் ஷார்ப் என்ற நான்கையும் இருமுறை அடுக்கினால் அது ஏ6. இரண்டிலும் தந்திகளுக்கு இடையிலான சுர இடைவெளிகள் ஒன்றேதான். மொத்த அமைப்பும் மூன்று ஃபிரெட் அளவு கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. உண்மையில் கவனிக்க வேண்டியது உச்சித் தந்தி கார்டின் எந்தச் சுரம் என்பது. ஆறு தந்திக் கருவிகளில் பரவலாக உள்ள சி6 அமைப்பில் உச்சியில் இருப்பது ஈ; அதன் மேல் மூன்று தந்திகள் ஈ, சி, ஏ என்று மைனர் சாயலைத் தருகின்றன. உச்சியில் ஜி இருந்தால் மேல் மூன்று தந்திகளே முழு மேஜர் கார்டாகிவிடும். பாடக் குறிப்பு ஒன்றுக்கும் கையிலுள்ள கருவி மற்றொன்றுக்கும் இருந்தால், குறிப்பிலுள்ள ஃபிரெட் எண்களைப் பிழையின்றிப் பின்பற்றினாலும் மெட்டு வராது. குற்றம் கையில் என்று நினைத்து மனம் சோர்ந்தவர்கள் உண்டு.

லியான் மெக்காலிஃப் ஈ13 பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டு அதிலேயே தொடங்குவது இன்னொரு ஆசை. ஈ13 கார்டில் ஈ, ஜி ஷார்ப், பி, டி, எஃப் ஷார்ப், சி ஷார்ப் ஆகியவை உள்ளதால் மெட்டை மூலக் கார்டுக்கு இழுத்துச் செல்லும் டாமினன்ட் (7ஆம்) கார்டுகள் நேரடியாகவே ஒலிக்கும். அந்தப் பழைய நடன அரங்கின் பளபளப்பு அதில் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாத் தந்திகளையும் எல்லா இடத்திலும் மீட்ட முடியாது. எதை விலக்குவது என்ற பழக்கம் வருவதற்கு நாளாகும். சி6இல் 7ஆம் கார்டு நேரடியாக இல்லை என்ற குறைக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆறு தந்திக் கருவியில் அடித்தந்தியான சியை சி ஷார்ப்புக்கு உயர்த்தினால், கீழ் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏ7 கார்டாகிவிடும். தொடங்குபவருக்கு ஈ13ஐ விட இதுவே மேல் என்பது என் கருத்து.

சாதாரணக் கிடார் தந்திகளையே சி6க்கு இழுப்பது பணத்தையும் கருவியையும் ஒருங்கே பாழாக்கும் தவறு. வழக்கமான கிடாரின் ஆறாம் தந்தி கீழ் ஈ. அதை சி சுரத்துக்குக் கொண்டுவர எட்டு அரைச்சுரம் மேலே ஏற்ற வேண்டும். இழுவிசை சுருதி அதிர்வெண்ணின் இருமடிப்படி உயர்வதால், தந்தியின் மீதான விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். ஐந்தாம் தந்தி ஏழு அரைச்சுரமும் நான்காம் தந்தி ஐந்து அரைச்சுரமும் ஏற வேண்டியிருக்கும். தந்தி அறுந்தால் நல்லது என்று சொல்லும் அளவுக்கு, அறாமல் நின்று கழுத்தை வளைப்பது மோசம். சி6க்கென்றே தடிமன் கணக்கிட்ட தந்தித் தொகுதிகள் கிடைக்கின்றன; ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகத் தேர்ந்து வாங்கவும் செய்யலாம்.

இதே கணக்கு ஸ்கேல் நீளத்துக்கும் (தந்தியின் அதிரும் பகுதியின் நீளம்) பொருந்தும். 1953இல் அறிமுகமான ஃபெண்டர் ஸ்டிரிங்மாஸ்டர் கருவிகள் 22.5, 24.5, 26 அங்குல நீளங்களில் செய்யப்பட்டன. ஒரே தந்தியை ஒரே சுருதியில் 22.5 அங்குலத்திலிருந்து 26 அங்குலத்துக்கு மாற்றினால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே நீண்ட கருவியில் உச்சியில் ஜி வைக்க முனைபவர் மெல்லிய தந்தியும் அடிக்கடி அறுந்துபோகும் தொல்லையும் ஏற்க வேண்டும்; அதே கருவி உச்சியில் ஈ உள்ள ஏ6ஐ நிம்மதியாகத் தாங்கும். நீளம் கூடக்கூட அடித்தந்திகளின் ஒலி தெளிவாகிறது. ஆனால் ஃபிரெட் இடைவெளியும் கூடுவதால் பாரைச் சாய்த்துப் பிடித்து வேறு கார்டு எடுப்பது கடினமாகிறது. தந்தியின் சுருதியை மாற்றும் பெடல் இல்லாத கருவியில் அந்தச் சாய்ப்பைத் தவிர்க்கவே முடியாது என்பதால், நீளத்தை ஒலிக்காக மட்டும் தேர்வது விவேகமன்று. தந்திகளுக்கு இடையிலான அகலமும் அப்படியே. அகலம் மிகுந்தால் சாய்ப்பு சுத்தமாக வராது.

படங்களில் மெக்காலிஃபின் முன்னால் நான்கு கழுத்துள்ள கருவி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பல கழுத்துக் கருவியை முதலில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பெடல் இல்லாத காலத்தில் ஒவ்வொரு சுருதி அமைப்புக்கும் ஒரு கழுத்து தேவைப்பட்டது. பல ஆண்டுகள் மேடை ஏறிய கலைஞருக்கு அது அவசியம். ஒரு சுருதி அமைப்பையே முழுதாக அறியாதவருக்கு அது எடையும் செலவும் மட்டுமே. எட்டுத் தந்தி, ஒரு கழுத்து என்பது போதுமான தொடக்கம். ஆறு தந்தியும் பழுதில்லை. எட்டில் கிடைக்கும் சுதந்திரம் அதில் சற்றுக் குறையும். பழைய கருவிகளில் மோகம் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: ரிக்கன்பேக்கரின் அலுமினிய "வாணலி" கிடார் மேடை விளக்கின் சூட்டில் சுருதி விலகியது, அதன் பின்னர் 1935இல் அந்த நிறுவனம் பேக்கலைட் என்ற நெகிழியால் ஆன உடலுள்ள கருவியைக் கொண்டுவந்தது.

பாரைத் தேர்வதிலும் பிழை நேர்கிறது. விரலுக்குப் பிடிமானமாகப் பள்ளம் வெட்டி, இரு முனையும் தட்டையாக முடியும் பார்கள் டோப்ரோ வாசிப்புக்கு உகந்தவை. சாய்ப்புக்கு முனை உருண்ட நீள்வடிவப் பார் வேண்டும். எட்டுத் தந்திகளையும் மூடும் அளவு அதன் நீளம் இருக்க வேண்டும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கால்பெடலை "பெடல் இல்லாத" என்ற சொல்லுக்காக ஒதுக்க வேண்டியதில்லை. அது தந்தியின் சுருதியைத் தொடுவதில்லை.

யாரைக் கேட்டுப் பழகுகிறோம் என்பதும் முக்கியம். 1954இல் வெளியான பாடகர் வெப் பியர்ஸின் பாடலொன்றில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, ஒரு தந்தி அசையாமல் நிற்க இன்னொன்றின் சுருதியை வளைத்த ஒலி அமெரிக்கக் கண்ட்ரி இசையை மாற்றியது. அந்தப் பெடல் ஒலியைப் பாரால் நகலெடுக்க முயல்வது பயனற்ற உழைப்பு. மெக்காலிஃப், நோயல் பாக்ஸ், ஹெர்ப் ரெமிங்டன், ஸ்பேட் கூலி குழுவின் வாக்கீன் மர்ஃபி ஆகியோரின் 1940கள் காலப் பதிவுகளில் தொடங்கலாம். மர்ஃபியின் தனி வாசிப்பை ஒருவரி ஒருவரியாக எடுத்தால், எந்தச் சுரத்துக்கு எந்தத் தந்தியை அவர் அடைத்து நிறுத்துகிறார் என்பது கேட்கும். அந்த அடைப்பை வலக்கையின் ஓரத்தால் சி6இல் ஓரளவு பழகிய பிறகு, ஈ13க்கென்று இரண்டாவது கருவியையோ கழுத்தையோ தேடலாம்.