லார்ஜ் ஃபார்மட் கேமராவில் பழைய உருவப்பட லென்ஸ்கள்: தேர்விலிருந்து படம் எடுப்பது வரை

வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு, ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் 1840-இல் வெளியிட்ட உருவப்பட லென்ஸ், அதற்கு முன் புழங்கிய லென்ஸ்களைவிடப் பல மடங்கு ஒளியை, படம் பதியும் தட்டில் சேர்த்தது. அதன் துளை அளவு ஏறத்தாழ எஃப் 3.6 (எண் சிறிதானால் துளை பெரிது). நடுவில் மிகக் கூர்மையாகவும் ஓரங்களில் வேகமாகக் கலைந்தும் போகும் அதன் படம் இன்றைய லென்ஸ்கள் தராத ஒன்று. துளையைச் சுருக்கி அந்தக் கலைவைத் திருத்த முயன்றால் இத்தகைய லென்ஸை வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போகும். ஆகவே, கீழே சொல்வன எல்லாம் துளையை முழுதாகத் திறந்தே எடுப்பது என்ற முடிவை ஒட்டியவை.

பெட்ஸ்வால் வகை லென்ஸ் சிறிய பரப்பையே நன்றாக மூடும் என்பதால், முதலில் பார்க்க வேண்டியது குவியத் தூரம். பெரிய தாள் ஃபிலிமில் எடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவில், 4×5 அங்குலப் படத்துக்கு 200 முதல் 250 மி.மீ. வரையும், 8×10 அங்குலத்துக்கு 400 மி.மீ. அளவிலும் தேடலாம். இதைவிடக் குறைந்தால் மூலைகள் இருண்டுவிடும். மிக அதிகமானால் கலையும் ஓரம் படத்துக்கு வெளியே போய்விடும். பழைய படவீழ்த்திகளின் லென்ஸ்களும் பெரும்பாலும் இதே அமைப்பு கொண்டவை. துளையைச் சுருக்கும் தகடு செருகும் பிளவு அவற்றில் இருக்காது, ஆனால் திறந்த துளையில் எடுப்பவருக்கு அது குறையே அல்ல. பித்தளை உடலின் நிறமாற்றமும் கண்ணாடியின் சிறு கீறல்களும் படத்தை அதிகம் பாதிப்பதில்லை. பூஞ்சை அரித்த கண்ணாடியையும் முன்பகுதியில் ஒட்டிய இரு கண்ணாடிகளின் பசை பெரிதாகப் பிரிந்த லென்ஸையும் தவிர்ப்பது நல்லது.

துடைப்பதற்காகக் கழற்றும்போது பின்பகுதியில் கவனம் தேவை. அங்குள்ள இரண்டு கண்ணாடிகளும் ஒட்டப்படாமல், இடையே ஒரு வளையத்துடன் நிற்கின்றன. வரிசையோ திசையோ மாறினால் லென்ஸ் எங்குமே கூர்மை தராது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் முன்பக்கம் எது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

லென்ஸைப் பலகையில் பொருத்தும் திருகு வளையம் பல லென்ஸ்களில் தொலைந்திருக்கும், அதன் புரியளவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கடைசல் வேலை தெரிந்தவரிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம். பெரிய லென்ஸ்கள் சில கிலோ எடை இருப்பதால், லென்ஸ் பலகையைத் தாங்கும் முன்சட்டம் அந்த எடையில் சாய்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும்.

குவியத் தூரம் பொறிக்கப்படாத லென்ஸை எளிதாக அளக்கலாம். தொலைவிலுள்ள பொருளுக்கு ஃபோகஸ் செய்து, ஃபிலிமைத் தாங்கும் பின்சட்டத்தின் இடத்தைக் குறியுங்கள். பிறகு லென்ஸைத் தொடாமல், ஓர் அளவுகோலின் பிம்பம் அதே அளவில் விழும்வரை பின்சட்டத்தையும் அளவுகோலின் தூரத்தையும் மாற்றுங்கள். பின்சட்டம் நகர்ந்த தூரமே குவியத் தூரம். அதை, முன்னாலிருந்து பார்க்கையில் தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும்.

இந்த லென்ஸ்களில் ஷட்டர் இல்லை. எஃப் 4, ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு) 100 எனும்போது திறந்த வெளி நிழலில் 1/250 வினாடி தேவைப்படும். மூடியைக் கையால் திறந்து மூடி அதை எட்ட முடியாது. ரப்பர்க் குமிழை அழுத்தினால் காற்றழுத்தத்தால் திறக்கும் பேக்கார்ட் ஷட்டரும் அவ்வளவு விரைவானதல்ல. ஸ்பீட் கிராஃபிக் கேமராவின் பின்பக்கத் திரை ஷட்டர் 1/1000 வரை தரும், ஆனால் அதன் லென்ஸ் பலகை சிறியது. எனவே ஜன்னல் ஒளியையும், ஃபிலிமுக்குப் பதிலாக ஒளிப்படத் தாளையும் நாடுவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. எஃப் 4-இல் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/8 வினாடி போதுமான அறையில், ஐஎஸ்ஓ 6 அளவில் வைத்த தாளுக்கு 2 வினாடி ஆகும். மூடியால் நிதானமாக எண்ணி எடுக்கலாம். சிவப்பை உணராத தாளில் உதடும் தோல் புள்ளிகளும் கருமையாக விழும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும்.

இரு சட்டங்களையும் இணைக்கும் மடிப்பு உறையான பெல்லோஸ் நீளும்போது ஒளி குறைவதையும் சேர்க்க வேண்டும். 4×5-இல் தலையும் தோளும், அதாவது உண்மை அளவில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், நேரத்தை 1.44 மடங்காக்கினால் போதும். 8×10-இல் முகம் பாதி அளவுக்கு வந்தால் 2.25 மடங்கு ஆகும். அப்போது 400 மி.மீ. லென்ஸுக்கு 600 மி.மீ. பெல்லோஸ் வேண்டும்.

ஃபோகஸ் செய்வதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. 4×5-இல் கூர்மையின் ஆழம் இரண்டு சென்டிமீட்டர் அளவே. ஃபிலிம் ஹோல்டரைச் செருகுவதற்குள் அமர்ந்திருப்பவர் மூச்சுவிட்டாலே அது தவறிவிடும். நாற்காலியின் முதுகில் தலை சாயும்படி உட்கார வைத்து, லென்ஸ் பலகையிலிருந்து அவர் கன்னத்தைத் தொடும் நீளத்தில் ஒரு நூலைக் கட்டி, மூடியைத் திறக்கும் முன் அந்த நூலால் தூரத்தைச் சரிபார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம். அருகிலுள்ள கண்ணைப் படத்தின் நடுவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரு கண்களும் கூர்மையாக வேண்டுமென்றால் முன்சட்டத்தைத் திருப்பாமல் பின்சட்டத்தைச் சற்றே திருப்புங்கள். முன்சட்டம் திரும்பினால் லென்ஸின் சிறிய வட்டம் படத்தை விட்டு விலகும்.

குவியத் தளம் ஓரங்களில் லென்ஸை நோக்கி வளைவதால், ஓரத்தில் கூர்மையாக விழ வேண்டிய கை, முகத்தைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்க வேண்டும். பின்னணி சுழல்வதுபோலத் தெரிய வேண்டுமானால், முகத்துக்குப் பின்னே சில மீட்டர் தள்ளி, ஒளி ஊடுருவும் இலைகள்போல் சிறு சிறு வெளிச்சப் புள்ளிகள் நிறைந்த பரப்பு வேண்டும். வெற்றுச் சுவரில் சுழல ஒன்றுமில்லை. கண்ணாடியில் பூச்சு இல்லாததால், ஜன்னல் நேரே லென்ஸில் விழாதபடி கறுப்பு அட்டையால் மறைத்தால் நிழல்கள் வெளிறாது.

1866-இல் வந்த, லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயரின் உருவப்பட லென்ஸில் பின்பகுதியைத் திருகி மென்மையைக் கூட்டலாம். திருகும்போதே ஃபோகஸ் இடம் மாறும் என்பதால், மென்மையின் அளவை முதலில் முடிவு செய்து, அதன் பிறகே கண்ணின் மணியில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும்.