வெயிலில் நின்றுபோன விமான எஞ்சினைச் சரிசெய்த கதை

திருமங்கலம் பக்கம் ஷெட்டில் நான் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் இருப்பது ஜிப்ஸி காரின் 1298 சிசி சுசூகி எஞ்சின், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) மாடல். காலையில் தரையில் ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடும். மதியம் ஓட்டி அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இருமிக்கொண்டே நின்றுவிடும். டேக் ஆஃபில் இப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து.

கண்டுபிடித்தது மெக்கானிக் தம்பிதான். கார்புரேட்டருக்கு முன்னால் உள்ளே தெரியும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினான். பெட்ரோலோடு குமிழ் குமிழாக வந்தது. "அண்ணே, பெட்ரோல் கொதிக்குதுண்ணே!"

காரோடு வந்த பெட்ரோல் பம்ப் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டிலேயே உட்கார்ந்திருந்தது. எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று எஞ்சின் மூடிக்குள் சூடு ஏறுகிறது. அதோடு அந்தப் பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது; உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகிறது.

அதனால் அதைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு போட்டு அடைத்தேன். டேங்குக்குக் கீழே இரண்டு மின்சார பம்ப், தனித்தனி சுவிட்சோடு. கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதிக அழுத்தம் தரும் இஞ்செக்‌ஷன் பம்ப் போட்டால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வை மீறிப் பெட்ரோல் வழியும். கார்புரேட்டர் பக்கத்திலிருந்து டேங்குக்குத் திரும்பும் சின்னக் குழாயும் வைத்தேன். என் கணிப்பில் பாதிப் பலன் அதில்தான்: குமிழும் சூடான பெட்ரோலும் அங்கே நிற்காமல் போய்விடுகின்றன. அப்புறம் குழாய்களுக்குத் தீ தாங்கும் உறை, சைலன்சர் பக்கம் அலுமினியத் தகடு.

அக்னி நட்சத்திர மதியத்திலும் இப்போது நிற்காமல் ஓடுகிறது. அடுத்து ரேடியேட்டர் காற்று வழியைப் பார்க்க வேண்டும்.