உப்பு எங்கே போகிறது? சாயப்பட்டறைக் கழிவு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயப்பட்டறையில் மாசைக் குறைக்கப் போகும் பொறியாளர் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தில்தான். நானும் அங்கேதான் நின்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருப்பூர்ப் பக்கம் ஒரு பட்டறை. உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர் ராப்பகலாக ஓடியும், ஆர்ஓ சவ்வு நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் உப்புநீர்த் தொட்டி, அதாவது ரிஜெக்ட் தொட்டி, நிரம்பிக்கொண்டே இருந்தது. இன்னொரு எவாப்பரேட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்து வேறு எதற்கோ லாட் புத்தகத்தை, அதாவது ஒவ்வொரு தடவை சாயமேற்றும் துணிக்கும் எழுதும் கணக்கைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘ரீடை’ (மறுசாயம்) என்று எழுதியிருந்தது. ஷேடு பிசகியதால் ஒரே துணிக்கு இரண்டு முறை சாயம், இரண்டு முறை உப்பு, இரண்டு முறை அலசல். நான் பார்த்திருக்க வேண்டியது எடை போடும் தராசையும் லேபையும்தான். தொட்டியடியிலேயே நின்றுவிட்டேன்.

இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: கழிவு உருவான பிறகு அதை என்ன செய்வது என்று மட்டும் யோசிப்பது.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். ஆனால் அந்த உப்பு துணியில் தங்காது. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். 1,000 கிலோ துணிக்கு 1:8 என்ற விகிதத்தில் தண்ணீர் எடுத்தால் 8,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 480 கிலோ. அதே துணியை 1:6 விகிதத்தில் ஓடும் மெஷினில் போட்டால் 360 கிலோ போதும். ஒரு டன் துணியில் 120 கிலோ உப்பு வாசலுக்கு உள்ளேயே வராது. எந்தச் சவ்வும் எந்தப் பாய்லரும் இதைச் செய்துவிட முடியாது. சாயத்தைத் துணியில் பிழிந்து ஏற்றி, சுருட்டி, சூடாக்காமலே ஊறவைக்கும் கோல்டு பேட் பேட்ச் முறையும் இருக்கிறது. அதற்கு உப்பே தேவையில்லை. எல்லா ஆர்டருக்கும் அது ஒத்துவராது என்பது உண்மை. ஆனால் எந்த ஆர்டருக்கு ஒத்துவரும் என்று சாயமேற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் டை மாஸ்டரோடு உட்கார்ந்து பேசிப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். அவரிடம் கேட்காமல் தீட்டும் மாசுக் குறைப்புத் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்த தவறு, செறிவை மட்டும் பார்த்துவிட்டு மொத்தச் சுமையை மறப்பது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 1,00,000 லிட்டர் கழிவில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் இருந்தால் மொத்த உப்பு 500 கிலோ. அதோடு இன்னொரு 1,00,000 லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் எண் 2,500 ஆகக் குறையும். உப்பு? அதே 500 கிலோ. அறிக்கையில் எண் அழகாகத் தெரிவதற்காக நல்ல தண்ணீரையும் சேர்த்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் அப்படிப் போய்ச் சேர்ந்த உப்பு எங்கேயும் மறைந்துவிடவில்லை. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகவில்லை. கீழே இருந்த கிணறுகளும் உப்பாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டதற்குப் பின்னால் இத்தனை வருஷ உப்பு இருக்கிறது. எனவே அறிக்கை எழுதும்போது மில்லிகிராமுக்குப் பக்கத்திலேயே ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்றும் எழுதுங்கள். அந்த ஒரு எண் பல விஷயங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற ஏற்பாடு, வந்த பிறகு இன்னொரு தவறு கூடவே வந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் கழிவே இல்லை என்று நினைத்துக்கொள்வது. ஆர்ஓ தண்ணீரைத்தான் பிரிக்கும். உப்பு ஏறக்குறைய முழுவதும் ரிஜெக்டில் வரும். அதை எவாப்பரேட்டரில் வற்றவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. சோடியம் சல்பேட்டும் சோடியம் குளோரைடும் கலந்து கிடப்பதால் அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கலப்பைப் பெரிதும் குறைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சாயத்துக்குக் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், போடுகிறார்கள். அப்புறம் தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரைக் கழுவச் சாதா உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. கழிவின் காரத்தைத் தணிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் குளோரைடைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சாஃப்ட்னர் கழுவிய நீரைத் தனியாகப் பிடித்து, அமிலத்தைக் கந்தக அமிலமாக மாற்றினால், சல்பேட் ஓரளவு சுத்தமாகத் திரும்பக் கிடைக்கும். மறுபடி சாயத்துக்கே போடலாம். இதற்குப் புது மெஷின் தேவையில்லை, ஒரு குழாயும் ஒரு கொள்முதல் முடிவும் போதும்.

அதே காரணத்தால்தான் சாயத் தொட்டி நீரையும் அலசல் நீரையும் ஒரே கால்வாயில் விடக்கூடாது என்கிறேன். முதலாவதில் உப்பு அதிகம், அளவு குறைவு. இரண்டாவதில் அளவு அதிகம், உப்பு குறைவு. தனித்தனியாக வந்தால் உப்புநீரில் நிறத்தை மட்டும் நீக்கி, அடுத்த லாட்டுக்கே திருப்பிக் கொடுக்கலாம். அலசல் நீரை ஆர்ஓ சுலபமாகத் தாங்கும். கலந்துவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். கட்டடம் எழும்பும்போதே இரண்டு கால்வாய் போட்டுவிட்டால் செலவு சொற்பம். பிறகு தரையை உடைத்துப் போட எந்த முதலாளியும் லேசில் சம்மதிப்பதில்லை.

ஸ்லட்ஜ், அதாவது சுத்திகரிப்பில் அடியில் தங்கும் கசடு, விஷயத்திலும் இதே போக்குதான். நிறம் போகவில்லையா, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, இன்னும் கொஞ்சம் ஃபெரஸ் சல்பேட் என்று கொட்டினால் தண்ணீர் தெளியும். ஆனால் கொட்டியதில் பெரும்பகுதி ஸ்லட்ஜாக எழுந்து வரும். அபாயக் கழிவு பற்றிய 2016 மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. திறந்தவெளியில் போட்டு மழையில் நனையவிட்டால், தண்ணீரிலிருந்து எடுத்ததைத் திரும்ப நிலத்தடிக்கே அனுப்புகிறோம். முதலில் நுண்ணுயிர்த் தொட்டியை ஒழுங்காக நடத்துங்கள், ரசாயனம் மிச்சத்துக்குத்தான்.

அளப்பதில் செய்யும் பிழைகள் சின்னதாகத் தெரியும். காலை பத்து மணிக்கு ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துவிட்டு அன்றைய கழிவு இதுதான் என்று எழுதுவது அதில் ஒன்று. சாயமேற்றுவது லாட் லாட்டாக நடக்கும் வேலை. கறுப்பு லாட் இரவு இரண்டு மணிக்கு இறங்கியிருக்கலாம். மணிக்கு ஒரு மாதிரி எடுத்து, 24 மணி நேரத்துக்கும் சேர்த்துக் கலந்து சோதித்தால்தான் அந்த நாள் தெரியும். அதே மாதிரி, இந்த மாதம் தண்ணீர் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் ஆர்டர் குறைந்ததா என்று பாருங்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கணக்கு.

அதற்கு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மீட்டர் வேண்டும். நுழைவாயிலில் ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டால் எந்த மெஷினில் வால்வு ஒழுகுகிறது, எந்த ஷிப்டில் ஹோஸ் பைப்பை மூடாமல் விட்டார்கள் என்று கடைசிவரை தெரியாது. மீட்டர் மாட்டிய முதல் வாரம் ஆபரேட்டரையே எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒழுகும் வால்வை மேனேஜரைவிட அவர் முதலில் கண்டுபிடித்துவிடுவார்.