ஸ்டீம் டெக்கில் வெளியே வாங்கிய விண்டோஸ் கேமை நிறுவுவது எப்படி?

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கருவியில் இருப்பது விண்டோஸ் இல்லை, ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். ஸ்டீம் கடையில் வாங்கிய விண்டோஸ் கேம்களை, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருளான 'புரோட்டான்' பெரும்பாலும் தானாகவே ஓட்டிவிடும். திணறல் எல்லாம் வேறு கடையில் வாங்கிய கேம்களில்தான். ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்திலிருந்து இறக்கிய ஆஃப்லைன் இன்ஸ்டாலரை வைத்துப் பார்ப்போம்.

முதலில் இடம். இன்ஸ்டாலரும் நிறுவிய கேமும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும் என்பதால், கேமின் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். பெரிய கேம் என்றால் இஎக்ஸ்இ (.exe) ஃபைலோடு, '.bin' என்று முடியும் சில ஃபைல்களும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

படி 1: பவர் பட்டனை அழுத்திப் பிடித்து 'ஸ்விட்ச் டு டெஸ்க்டாப்' கொடுங்கள். வலது டச்பேடில் விரலை நகர்த்தினால் அம்புக்குறி நகரும். ஆர்2 இடது கிளிக், எல்2 வலது கிளிக். கீபோர்டு வர ஸ்டீம் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். இது ஸ்டீம் திறந்திருந்தால்தான் வேலை செய்யும்.

படி 2: ஸ்டீமைத் திறந்து, கீழே இடது மூலையில் 'ஆட் எ கேம்', அதில் 'ஆட் எ நான்-ஸ்டீம் கேம்', பிறகு 'பிரவுஸ்'. இன்ஸ்டாலர் கண்ணில் படவில்லையா? ஃபைல் வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள்.

படி 3: லைப்ரரியில் சேர்ந்த பெயர்மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி'. அங்கே உள்ள பெட்டியில் டிக் போட்டு 'புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல்' தேர்ந்தெடுங்கள். பிளே கொடுத்தால் இன்ஸ்டாலர் திறக்கும். புரோட்டான் ஏற்கெனவே இல்லையென்றால் முதலில் அது இறங்கும், அதற்கு இணையம் தேவை. சி டிரைவ் என்று அது காட்டும் இடத்தை மாற்றாதீர்கள். முடிந்ததும் கேமை உடனே தொடங்காமல் இன்ஸ்டாலரை மூடிவிடுங்கள்.

படி 4: பலரும் தடுமாறும் இடம் இதுதான். கேமின் இஎக்ஸ்இ ஃபைலைப் புதிதாக இன்னொரு முறை லைப்ரரியில் சேர்க்கக் கூடாது. லைப்ரரியில் சேர்க்கும் ஒவ்வொரு பதிவுக்கும் புரோட்டான் தனியாக ஒரு பொய் சி டிரைவை உருவாக்கும். புதிய பதிவுக்குக் கிடைப்பது காலியான டிரைவ். இன்ஸ்டாலர் எழுதிய ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகளின் பட்டியல்) விவரங்களும் கூடவே போட்ட துணை மென்பொருள்களும் பழைய டிரைவிலேயே தங்கிவிடும். அதனால்தான் 'நன்றாக நிறுவினேன், ஆனால் திறந்ததும் மூடிக்கொள்கிறது' என்ற புலம்பல்.

பழைய பதிவையே திருத்துங்கள். டால்ஃபின் ஃபைல் மேனேஜரில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' போட்டு, ஹோமில் புள்ளியோடு தொடங்கும் 'லோக்கல்', 'ஷேர்', 'ஸ்டீம்', 'ஸ்டீம்ஆப்ஸ்', 'காம்பட்டேட்டா' என்று வரிசையாக உள்ளே போங்கள். எண்களே பெயராக உள்ள ஃபோல்டர்கள் நிறைய இருக்கும். தேதிவாரியாக அடுக்கினால் உங்களுடையது மேலே வந்துவிடும். அதனுள் 'பிஎஃப்எக்ஸ்', 'டிரைவ் சி', 'ஜிஓஜி கேம்ஸ்'. கேமின் இஎக்ஸ்இ மேல் வலது கிளிக், 'காப்பி லொகேஷன்'. 'அன்இன்ஸ்' என்று தொடங்குவதை எடுத்துவிடாதீர்கள், அது நீக்குவதற்கானது.

இனி பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' பெட்டியில் அந்த முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் ஒட்டுங்கள். பாதையில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் கட்டாயம். 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் இஎக்ஸ்இ பெயரை விட்டுவிட்டு ஃபோல்டர் வரை மட்டும் கொடுங்கள். இதை மாற்றாவிட்டால் சில கேம்கள் தங்கள் டேட்டா ஃபைல்களைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். பெயரையும் கேமின் பெயராக மாற்றிவிட்டு கேமிங் மோடுக்குத் திரும்பலாம்.

கேம் ஓடினாலும் இடையில் வரும் வீடியோவுக்குப் பதில் வண்ணப் பட்டைகள் தெரிந்தால், கோடெக் (வீடியோவைப் படித்துக் காட்டும் மென்பொருள்) சிக்கல். டிஸ்கவர் கடையிலிருந்து 'புரோட்டான்அப்-க்யூடி' நிறுவி, அதன் வழியாகப் புரோட்டானின் மாற்று வடிவமான 'ஜிஇ-புரோட்டான்' இறக்கி, ஸ்டீமை மூடித் திறந்து படி 3-இல் அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டன்கள் வேலை செய்யவில்லையென்றால் கன்ட்ரோலர் லேஅவுட்டை 'கேம்பேட்' ஆக்குங்கள். பழைய கேம் என்றால் கீபோர்டு-மவுஸ் லேஅவுட். வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றுக்கு இந்த வழி பலிக்காது, அவற்றின் ஆன்ட்டி-சீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) லினக்ஸை உள்ளே விடுவதில்லை.

கேமை நீக்கும்போது ஒரு கவனம் வேண்டும். லைப்ரரியிலிருந்து பதிவை எடுத்தால் மட்டும் இடம் காலியாகாது, எண் பெயருள்ள அந்த ஃபோல்டரையும் கையால் அழிக்க வேண்டும். உங்கள் சேவ் ஃபைல்களும் பெரும்பாலும் அதற்குள், 'யூசர்ஸ்' ஃபோல்டரின் 'ஸ்டீம்யூசர்' பகுதியில்தான் இருக்கும். ஸ்டீம் கிளவுடில் இவை சேராது. அழிப்பதற்கு முன் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.