எப்லஸ்கீவர்: பணியாரம் சுட்டுப் பழகிய கை செய்யும் தவறுகள்

டென்மார்க்கில் டிசம்பர் மாதப் பலகாரம் எப்லஸ்கீவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், பட்டை கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயினோடு சுடச்சுடப் பரிமாறுவார்கள். குழிக் கல்லில் சுடுவது, பந்து போல இருக்கும். படத்தைப் பார்த்ததும் “நம்ம பணியாரம்தானே” என்று நமக்குத் தோன்றும். கல்லைப் பொறுத்தவரை அது சரிதான். மாவும் திருப்பும் முறையும் வேறு. முதல் முறை செய்து ஏமாந்தவர்களின் தவறு பெரும்பாலும் அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

திருப்புவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதிகம் கெடுவது அங்கேதான். பணியாரத்தை அடி சிவந்து மேலே ஓரளவு வெந்ததும் ஒரே திருப்பாகக் கவிழ்த்துவிடுவோம். எப்லஸ்கீவரை அப்படிக் கவிழ்த்தால் ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் தட்டையாகவும் வரும். இதைக் கால் கால் பாகமாகத் திருப்ப வேண்டும். மாவு ஊற்றி ஒரு நிமிடத்தில் ஓரம் இறுகும். நடுவில் மாவு இன்னும் தளதளவென்று இருக்கும். அதுதான் நேரம். ஓரத்தில் கம்பியைக் குத்தி, வெந்த ஓடு செங்குத்தாக நிற்கும்படி கால் பாகம் தூக்குங்கள். வேகாத மாவு சரிந்து குழிக்குள் இறங்கும், அங்கே ஓட்டின் அடுத்த பகுதி உருவாகும். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு கால் திருப்பு. மூன்று நான்கு திருப்பில் பந்து தானாக மூடிக்கொள்ளும். வாயில் இடைவெளி இருந்தால் ஒரு சொட்டு மாவு விட்டு, அந்தப் பக்கம் கீழே வரும்படி வையுங்கள். டென்மார்க்கில் இதற்குப் பின்னல் ஊசியைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். நான்ஸ்டிக் கல் என்றால் மூங்கில் குச்சி போதும், பூச்சு கீறாது.

“மேலே வேகட்டும்” என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. காத்திருந்தால் உள்ளே வழிந்து இறங்க மாவே மிஞ்சாது.

அடுத்தது மோர். டேனிஷ் செய்முறைகளில் வரும் மோர் கெட்டியானது, புளிப்பானது. நாம் குடிக்கும் நீர்மோரை அளந்து ஊற்றினால் மாவு தண்ணீராகிவிடும். புளித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கடைந்து, கரண்டியிலிருந்து நாடாவாக விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 250 கிராம் மைதாவுக்கு இந்த மோர் 400 மில்லி, முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, ஆப்ப சோடாவும் உப்பும் அரை அரை தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரை தேக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் துருவிய தோல். ஏலக்காயை நம் ருசிக்காகச் சேர்க்கவில்லை, அங்கேயும் அதைப் போடுகிறார்கள். இனிப்பு போதாதென்று சர்க்கரையைக் கூட்டாதீர்கள். உள்ளே வேகும் முன்னே மேல்தோல் கருகும்.

முட்டையை அப்படியே உடைத்து ஊற்றுவது இன்னொரு தவறு. மஞ்சள்கரு மாவோடு போகட்டும். வெள்ளைக்கருவைத் தனியே நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, கடைசியில் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துச் சேருங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் பரவாயில்லை. மிக்ஸியில் போட்டுச் சுற்றினால் காற்றெல்லாம் போய், ரப்பர் பந்துதான் கிடைக்கும். இட்லி மாவு போல ஊறவும் வைக்கக் கூடாது: தயிரின் புளிப்போடு சேர்ந்ததும் சோடா பொங்கத் தொடங்கிவிடும். கலந்த கையோடு சுடுங்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் வகையும் உண்டு. அது வேறு கணக்கு.

தீ மிதமாக இருக்க வேண்டும். டேனிஷ் இரும்புக் கல்லில் பொதுவாக 7 குழிகள், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நம் அடுப்பில் நடுக்குழி முதலில் காயும், அதைக் கவனித்துத் திருப்புங்கள். குழிக்குக் குழி வெண்ணெய் விடுவார்கள், அது சீக்கிரம் கருகும். நெய் விட்டால் தாங்கும். நம் பணியாரக் குழி சிறியது, ஆகவே நேரமும் குறையும்.

இனி பூரணம். எப்லஸ்கீவர் என்ற சொல்லுக்கே ஆப்பிள் வில்லைகள் என்றுதான் பொருள். முன்பு உள்ளே ஆப்பிள் இருந்தது. இன்று டென்மார்க்கில் பெரும்பாலும் உள்ளே எதுவும் வைப்பதில்லை. நீங்கள் ஆப்பிள் வைப்பதானால் பச்சையாக வைக்காதீர்கள், நீர் விட்டு உள்ளே கூழாகும். பொடியாக நறுக்கி, வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவிடுங்கள். மாவு ஊற்றியதும் வைத்தால் அது அடியில் போய் ஒட்டும். முதல் கால் திருப்புக்குப் பிறகு, ஓடு கிண்ணம் போல நிற்கும்போது வையுங்கள். அரை தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பணியாரக் கல்லில் கொண்டைக்கடலை அளவே அதிகம். ஜாம் என்றால் கெட்டியானதாக இருக்கட்டும். கசிந்த ஜாம் குழியில் கருகி அடுத்த ஈட்டையும் ஒட்டவைக்கும், உடனே துணியால் துடைத்து நெய் தடவுங்கள். வெந்ததா என்று குச்சியால் பார்க்கும்போது பூரணத்தில் குத்தாமல் மாவில் குத்துங்கள்.

எனக்குப் பிடித்தது பூரணம் இல்லாத டேனிஷ் முறைதான், மாவின் ருசி அதில்தான் முழுதாகத் தெரியும். எல்லாவற்றையும் சுட்டு முடித்து ஹாட்பாக்ஸில் அடைத்துவைக்காதீர்கள், வேர்த்து நமத்துவிடும். ஒரு கிண்ணத்தில் ஸ்ட்ராபெரி ஜாம், இன்னொன்றில் பொடித்த சர்க்கரை வைத்துவிட்டு, ஓர் ஈடு இறங்கியதும் தட்டில் கொட்டுங்கள். அதைக் கையால் எடுத்து ஜாமில் தொட்டு, சர்க்கரையில் புரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈடு வெந்துவிடும்.