திட்ட நேரத்தைக் கைப்பேசிக்குள்ளேயே பதிவு செய்வது எப்படி?

எந்த வாடிக்கையாளருக்காக, எந்த நாளில், எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதைக் குறித்துவைக்க உதவும் செயலிகளில் பல, முதல் திரையிலேயே கணக்கு தொடங்கச் சொல்கின்றன. இந்த விவரம் நம்முடையது மட்டுமன்று, வாடிக்கையாளருடையதும் ஆகும் என்பதால், அதைக் கைப்பேசியை விட்டு வெளியே விடாத செயலியைத் தேடுவது நியாயமே. ஆனால் 'ஆஃப்லைன்' என்ற அறிவிப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். விமானப் பயன்முறையில் இயங்குகிறது என்பதும் போதிய சான்றன்று. இணைப்பு திரும்பும்வரை காத்திருந்து, சேர்த்துவைத்ததை மொத்தமாக அனுப்பும் செயலிகளும் உண்டு.

ஆண்ட்ராய்டில் செயலியின் தகவல் பக்கத்துக்குச் சென்று, அனுமதிகள் பகுதியில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, எல்லா அனுமதிகளையும் காட்டும் பட்டியலைத் திறக்கவும். இணைய அணுகல் அனுமதி அதில் இல்லையென்றால், அந்தச் செயலியால் நேரடியாக எந்தச் சேவையகத்தையும் தொடர்புகொள்ள இயலாது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றுக்குக் கேட்பதுபோல் இதற்கு நம்மிடம் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. நிறுவும்போதே வழங்கப்பட்டுவிடுவதால், நாமாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஐஃபோனில் தனியுரிமை அமைப்புகளில் உள்ள செயலித் தனியுரிமை அறிக்கையை இயக்கிவைத்தால், எந்தச் செயலி எந்த இணைய முகவரிகளைத் தொடர்புகொண்டது என்பது தெரியும். செயலிக் கடைகளில் காணப்படும் தனியுரிமை விவரங்களோ செயலியை உருவாக்கியவரே நிரப்பித் தருபவை. அவற்றுக்கு அந்த அளவு மதிப்பளித்தால் போதும்.

பலர் கவனிக்கத் தவறும் வழி இன்னொன்று உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், உருவாக்குநர் தடுக்காதவரை, செயலி ஒன்றுக்கு 25 எம்பி வரையிலான தரவு கூகுள் கணக்கில் தானாகக் காப்புப் பிரதியாக (பேக்கப்) எடுக்கப்படலாம். அனுப்புவது இயங்குதளம் என்பதால், செயலிக்கு இணைய அனுமதி இல்லாவிட்டாலும் இது நடக்கும்; நேரப் பதிவுகளோ அந்த வரம்புக்குள் எளிதில் அடங்கிவிடும். ஆகவே கைப்பேசியின் காப்பு அமைப்பையும் பார்த்து முடிவு செய்யவும். ஐஃபோனின் ஐக்லவுட் காப்பில் செயலிவாரியாகவே அணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, திட்டங்களுக்கு வாடிக்கையாளரின் பெயரை இடாமல் சுருக்கக் குறியீடுகளை இடவும். செயலியின் கடிகாரம் ஓடும்போது திட்டத்தின் பெயர் பூட்டுத் திரையின் அறிவிப்பில் தெரியக்கூடும். அதைப் படிக்க இணையம் தேவையில்லை, பக்கத்து இருக்கையே போதும்.

கடிகாரத்தையும் ஒருமுறை சோதிக்கவும். அதை ஓடவிட்டு, செயலியை அண்மைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, சில நிமிடங்கள் கழித்துத் திறந்தால் கடந்த நேரம் சரியாகக் காட்ட வேண்டும். தொடங்கிய நேரத்தைச் சேமித்துவைக்கும் செயலி இதில் தவறாது. நொடிகளை எண்ணிக்கொண்டே இருப்பது, பேட்டரிச் சேமிப்புக்காக நிறுத்தப்பட்டதும் பின்தங்கிவிடும்.

கட்டணப் பட்டியலுக்கு மணிகளைத் தசமத்தில் தரும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தவும். 1 மணி 20 நிமிடம், 2 மணி 45 நிமிடம், 50 நிமிடம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 4 மணி 55 நிமிடம், அதாவது 4.92 மணி. அவற்றையே 1.20, 2.45, 0.50 என்று விரிதாளில் தட்டினால் 4.15 என்றுதான் வரும். முக்கால் மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு கணக்கிலிருந்து காணாமல் போகும்.

தரவு கைப்பேசியில் மட்டுமே இருப்பதால், அது தொலைந்தால் பதிவுகளும் போய்விடும்; செயலியை நீக்கினாலும் அப்படித்தான். எனவே வாரம் ஒருமுறை பதிவுகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றி, கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்த கோப்புறையில் வைக்கவும். பகிர்வுப் பொத்தானைத் தொட்டு மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது சுலபம்தான், ஆனால் இதுவரை காத்த தனியுரிமை அங்கேயே முடிந்துவிடும். உண்மையான பதிவுகளைத் தொடங்குமுன், ஓரிரு போலிப் பதிவுகளை இட்டு, ஏற்றுமதி செய்து, செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, அந்தக் கோப்பை உள்ளே ஏற்றினால் அவை திரும்புகின்றனவா என்று பார்க்கவும். சில செயலிகள் விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பை வெளியே தருமே தவிர, திரும்ப ஏற்பதில்லை. அவற்றில் காப்புக் கோப்பு என்று தனியாக இருப்பதையே எடுத்துவைக்க வேண்டும்.